உட்காரத் தெரிந்தவள்

பீடி சுற்றுகிற பெண்ணைச் சுகாதாரப் பணியாளராக எடுத்த நர்ஸ் இந்தத் தென்காசிப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆபீசில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஜூன் மாதம் என் நாற்காலியில் அவர்களில் ஒருத்தரும் உட்கார்ந்திருக்கவில்லை.

என் பெயர் உமாராணி. சமுதாய சுகாதார செவிலியர். சொந்த ஊர் வாசுதேவநல்லூர், வேலை தென்காசியைச் சுற்றி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். கொஞ்சம் என்பது அவர்களுடைய பெரிய மனசு. ஆனால் இது என் கதை இல்லை, அச்சன்புதூர் உச்சிமாகாளியின் கதை.

எங்கள் பொறுப்பில் மலையடிவாரத்தில் ஓர் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. காகிதத்தில் அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர், ஊர் வாயில் சிலோன் கேம்ப். சண்டைக்குத் தப்பித் தோணி ஏறி வந்தவர்கள். வரும்போது இளந்தாரிகளாக இருந்தவர்களுக்கு இப்போது சர்க்கரை, பிரஷர், உடம்புக்குள்ளேயே தங்கிவிட்ட குண்டுச் சில்லு என்று ஆளுக்கொன்று இருக்கிறது. அவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க நாலு பேரைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருஷத்துச் சம்பளம் நாங்கள் தருகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. ஆள் பிடிக்கிற வேலையை என் தலையில் கட்டினார்கள்.

அதுவும் எந்த நேரத்தில்? சீசன் நேரத்தில். சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் குற்றாலத்துக்குப் போய்விடுவார்கள். குளிக்க இல்லை, டூட்டிக்கு. அருவிக்கரையில் முதலுதவி, தண்ணீர்த் தொட்டிக்குக் குளோரின், பஜ்ஜிக் கடைகளில் எண்ணெய்ச் சோதனை. முகாமுக்குப் போக நாதி இல்லை. நான் எடுக்கிற நாலு பேர்தான் முகாமுக்கு எல்லாம் என்கிற நிலைமை.

முதலில் நர்சிங் முடித்த பிள்ளைகளைத்தான் எடுத்தேன். சத்யபிரியா என்று ஒருத்தி, கெட்டிக்காரி, சேர்ந்த சூட்டிலேயே கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் வந்து போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இன்னொருத்திக்கு வரன் வந்தது. வாசலில் போலீஸ் உட்கார்ந்து பேர் எழுதுகிற இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம். அடுத்தவள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று நினைத்து வந்தவள். வெயிலில் இரண்டு வரிசை வீடு நடந்தாள், மறுநாள் போனை எடுக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஸ்கூட்டியில் அச்சன்புதூர் வழியாகத் திரும்பும்போது பீடிக் கடை வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். வீட்டில் சுற்றின பீடிக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு மறுநாளுக்கு இலையும் தூளும் வாங்குகிற நேரம். வண்டியை நிறுத்தி, இதிலே பன்னிரண்டாவது படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, கேம்பில் வேலை இருக்கிறது என்று சத்தமாகவே கேட்டேன். கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் திரும்பவே இல்லை. கட்டுகளைச் சோதிக்கிற ஆள் அவள் கட்டு ஒன்றைக் கழித்து ஓரமாகப் போட்டிருந்தார். அதை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிரித்து, எதில் குறை என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஏற்றுக்கொண்டார். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பி என்ன வேலை என்று கேட்டாள். அவள்தான் உச்சிமாகாளி.

பன்னிரண்டாவதில் நல்ல மார்க். நர்சிங் படிக்க ஆசை இருந்திருக்கிறது, வீட்டில் தம்பியைப் படிக்க வைத்தார்கள். புருஷன் இசக்கிராஜா லோடு ஆட்டோ ஓட்டுகிறான். காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மடியில் சுளகை, அதுதான் இலையும் தூளும் பரப்பின முறத்தை, வைத்துக்கொண்டு உட்கார்ந்தாளானால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். தண்ணீர், செல்போன், கத்தரி, நூல்கண்டு எல்லாம் கை எட்டுகிற இடத்தில் இருக்கும். எழுந்தால் வேலை கெட்டது, அவ்வளவுதான். முகாம் சனங்களிடம் பேசிச் சமாளிப்பாயா என்று கேட்டேன்.

“அந்தாளுகிட்டயே பேசி ஜெயிச்சிருக்கேன், பாத்தியள்லா சிஸ்டர்,” என்றாள்.

எடுத்துவிட்டேன். அவளோடு அதே கடையிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

பயிற்சியில் அவள் பெரிய சாமர்த்தியசாலி ஒன்றும் இல்லை. மாத்திரைப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்வாள், அதையும் தப்பில்லாமல் சொல்கிற மாதிரி தைரியமாகச் சொல்வாள். டாக்டர் பெலிக்ஸ் சின்ன வயசுப் பையன், பொறுமைசாலி, அவரே ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் பிரஷர் பார்க்க இரண்டே தடவையில் படித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து ஒரு சந்தேகம் கேட்டாள். முகாமுக்குச் சுளகைக் கொண்டு வரலாமா? கடையில் ஒழுங்காகக் கட்டுக் கொடுக்காவிட்டால் பீடித் தொழிலாளி அட்டை போய்விடும், ஒரு வருஷம் கழித்து இந்த வேலை முடிந்தால் மறுபடி அதுதானே சோறு போட வேண்டும் என்றாள்.

நான் விட்டேன் பாருங்கள் ஒரு ஏச்சு. இருமல்காரர்களைப் பார்க்கப் போகிறவள் மடியில் புகையிலையா, சுகாதாரத் துறைக்கு இதைவிடக் கேவலம் உண்டா, சுற்றுவதானால் உன் வீட்டில் போய்ச் சுற்று என்றேன். சரி சிஸ்டர் என்றாள். அந்தச் சரியை நம்பினேன்.

இனி தவமலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்னியிலிருந்து வந்தவள், அறுபதை நெருங்குகிறவள், முகாமில் தனியாக இருந்தாள். பக்கத்து வீட்டில் அவள் தம்பி குடும்பம். வலது காலில் சர்க்கரைப் புண். பெருவிரலில் ஆரம்பித்து அடுத்த விரலுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சுத்தம் செய்தால் விரலோடு போகும், இல்லாவிட்டால் கால் போகும் என்று டாக்டர் பெலிக்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். தவமலர் மாத்திரை போடுவாள், ஊசி போட்டுக்கொள்வாள், கட்டுப் போட விடுவாள், ஆஸ்பத்திரி என்று சொன்னால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தம்பி கெஞ்சினார், நான் அதட்டினேன், டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஆம்புலன்ஸ் இரண்டு தடவை வந்து வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது. யாராலும் ஆகாததை இவள் பார்க்கட்டும் என்று உச்சிமாகாளியை அந்த வீட்டுக்குப் போட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் தொண்டு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மா முகாமைப் பார்க்க வந்தார்கள். நான்தான் அழைத்துப் போனேன். நம் பணியாளர் நோயாளியோடு எப்படிப் பழகுகிறார் பாருங்கள் என்று வாய் நிறையப் பேசிக்கொண்டு தவமலர் வீட்டுக்குள் நுழைகிறேன், நடுக்கூடத்தில் சுளகு. அதில் இலையும் தூளும். உச்சிமாகாளி காலை நீட்டி உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறாள், எதிரே தவமலர் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து கட்டுகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். புண்ணுக்கு ஒரு முழம் தள்ளி புகையிலைத் தூள்!

வந்த அம்மா வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அந்த இடத்திலேயே உச்சிமாகாளியிடம் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டேன். அவள் சுளகை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தவமலர் என்னைப் பார்த்த பார்வைதான் சரியில்லை. நான் செய்தது சரி என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை. புண்ணுக்குப் பக்கத்தில் புகையிலை கூடாது. யார் வேண்டுமானாலும் வந்து என்னோடு வாதாடலாம்.

ஆனால் அதற்கப்புறம் தவமலர் கட்டுப் போடவும் விடவில்லை. வேறொரு பெண்ணை அனுப்பினேன், கதவைத் திறக்கவில்லை. அந்த வார முடிவில் காய்ச்சல் கண்டுவிட்டது. டாக்டர் பெலிக்ஸ் பார்த்துவிட்டு வெளியே வந்து, விஷம் மேலே ஏறுகிறது, இன்றைக்குச் சேர்த்தால் விரலோடு முடித்துவிடலாம், நாளை என்றால் முழங்காலைக் கேட்கும், அதற்கும் மேலே போனால் ஆளே இல்லை என்றார். தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாமே என்று ஒரு போலீஸ்காரர் சொன்னார். தூக்கிக்கொண்டு போகலாம், ஆபரேஷனுக்குச் சம்மதம் அவள்தானே சொல்ல வேண்டும்? தம்பி வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நேரே பீடிக் கடைக்கு வண்டியை விட்டேன். உச்சிமாகாளி வரிசையில் நின்றாள். என்னைக் கண்டதும், “நிறுத்துன ஆளே தேடி வந்திருக்கியளே சிஸ்டர்,” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இப்போது நீ பேசுகிறபடி பேசு, நான் கேட்டுக்கொள்கிறேன், தவமலர் செத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. வரிசையை விட்டு வந்தாள். அவ்வளவு நாள் உட்கார்ந்து சுற்றினபோது தவமலர் என்ன சொன்னாள் என்பதை அப்போதுதான் சொன்னாள். ஏன் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் எங்கே கேட்டீர்கள் என்றாள்.

சண்டை முடிகிற சமயம். தவமலரின் மகள் காயம் பட்டு ஓர் ஆஸ்பத்திரித் தரையில் கிடந்திருக்கிறாள். படிக்கிற வயசுப் பிள்ளை. அம்மா, தண்ணி என்று கேட்டிருக்கிறாள். தவமலர் போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் அங்கே செல் குண்டு விழுந்துவிட்டது.

“இவ துணைக்கு இருந்தவ சிஸ்டர். எந்திரிச்சுப் போயிட்டா. அதுதான் இன்னும் அவளுக்குள்ள கெடக்கு,” என்றாள் உச்சிமாகாளி. “வண்டிய எடுங்க.”

முகாமுக்குப் போகிற வழியில் அவள் வீட்டில் நிறுத்தச் சொன்னாள். உள்ளே போய் இரண்டு பெரிய தண்ணீர்க் கேன்களை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஒரு பாய், ஒரு தூக்குச்சட்டி, மாற்றுச் சேலை. இசக்கிராஜாவிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றாள், அவன் எத்தனை நாளைக்கு என்று கேட்டான், தெரியாது என்றாள். அந்தக் கேன்கள் எதற்கென்று எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் தண்ணீரா இல்லை என்று கேட்டேன், அவள் பாட்டுக்குக் கேன்களை வண்டியில் ஏற்றினாள்.

தவமலர் காய்ச்சலில் கண்ணைத் திறந்து பார்த்தாள். நான் வரமாட்டன், எத்தினை தரம் சொல்லுறது என்று முனகினாள். உச்சிமாகாளி கேன்களை அவள் கண்ணெதிரே தரையில் வைத்தாள். கட்டிலுக்கு அருகில் குந்தினாள்.

“யக்கா, நான் கூட வருதேன். நீ இல்லாம வார்டு வாசலத் தாண்ட மாட்டேன். தண்ணிக்குப் போ மாட்டேன், டீக்குப் போ மாட்டேன். எந்திரிக்காம இருக்கதுதான் எங்க வேலையே. ஒனக்குத் தெரியும்லா.”

தவமலர் அந்தக் கேன்களையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நானும் டாக்டரும் சுவரோரமாக நின்றோம். பிறகு அவள் தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டு, பெட்டியில் இருக்கிற நீலச் சேலையை எடுக்கச் சொன்னாள். அதுவரைக்கும் எதற்கும் கலங்காத டாக்டர் பெலிக்ஸ் வெளியே போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துணைக்கு வந்தவர்களுக்கு அங்கே உட்கார நேரம் இருக்காது, மருந்து வாங்க, ஜெராக்ஸ் எடுக்க, ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க என்று கீழும் மேலும் ஓடுவதே வேலை. உச்சிமாகாளி பாயை விரித்துக் கட்டில் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள்தான். வார்டுக்குள்ளேயே இருக்கிற குளியலறைக்குப் போவாள், அதுவும் தவமலரிடம் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டே. ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடியது யார்? நான். டீ வாங்கியது யார்? இட்லி வாங்கிக் கெட்டிச் சட்னி கேட்டு நின்றது யார்? எல்லாம் நான்தான். சிஸ்டர், சட்னி புளிக்குது என்று திருப்பியும் அனுப்பினாள். என் சர்வீசில் என்னை இப்படி வேலை வாங்கின ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் அன்றைக்குத்தான் சிக்கல். தியேட்டருக்குள் துணைக்கு ஆள் போக முடியாது. கதவு திறந்ததும் தவமலர் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றுவிட்டாள். சமாதானம் சொன்ன நர்சின் கையைத் தட்டிவிட்டாள். எல்லாம் போச்சு என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

உச்சிமாகாளி தியேட்டர் கதவுக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எனக்கு இந்த இடம்தான், உள்ளே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே இருக்கிறேன், என் சத்தம் நின்றால் நீ கேளு என்றாள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போகிற ஊசி, ஆள் முழிப்போடுதான் இருப்பாள், காது கேட்கும். தவமலர் கம்பியை விட்டாள்.

அதற்கப்புறம் கதவுக்கு வெளியே அவள் பேசினாளே ஒரு பேச்சு! பீடிக் கடைக்காரர் கதை, இசக்கிராஜா ஆட்டோவைச் சாக்கடையில் விட்ட கதை, எல்லாம் தீர்ந்து போனதும் என் கதைக்கு வந்தாள். உமாராணி சிஸ்டர் எப்படி நடக்கும், எப்படி ஏசும், அந்த அம்மா முன்னால் முகம் எப்படிச் சுருங்கிப் போச்சு, ஒன்று விடவில்லை. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். வராந்தா முழுக்கச் சிரிக்கிறது. பேசாதீர்கள் என்று சொல்ல வந்த காவலாளி சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, நிறுத்த வேண்டாமாம், அந்த அம்மா கேட்டுக்கிட்டு இருக்காங்க என்றாள். உச்சிமாகாளிக்குத் தொண்டை கம்மிவிட்டது, நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டு மறுபடி என்னையே ஏச ஆரம்பித்தாள். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

இரண்டு விரல் போனது. கால் தப்பியது.

அதற்கப்புறமும் அவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இறங்கி, புண் காய ஆரம்பித்து, தவமலர் தானே கஞ்சி குடிக்கிற வரைக்கும் அந்தப் பாயிலேயே இருந்தாள். அப்படி ஒரு காலை. ஜன்னலுக்கு வெளியே நல்ல சாரல். நான் டீ வாங்கிக்கொண்டு போனபோது தவமலர் அவளைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். பிள்ளை, உன்னில மணக்குது, தலையெல்லாம் சிக்குப் பிடிச்சுப்போச்சு, கிட்டத்திலதானே அருவி, போய் முழுகிப்போட்டு வா என்றாள். உச்சிமாகாளி சிரித்தாள். சொன்ன சொல் சொன்னதுதான், வாசலைத் தாண்ட மாட்டேன் என்றாள்.

தவமலர் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தாள்.

“நீ போ பிள்ளை. நீ திரும்பி வரேக்குள்ள நான் இருப்பன்.”

உச்சிமாகாளி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் மரத்துப்போய் நொண்டினாள். பையிலிருந்து மாற்றுச் சேலையை எடுத்தாள். வார்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். தவமலர் போ போ என்று கையை ஆட்டினாள்.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து குற்றாலம் போய்ச் சேருகிற வரைக்கும் அழுதாள், வாய்விட்டு, ஏங்கி ஏங்கி. எனக்கும் கண் மறைத்தது, ஓரமாக நிறுத்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். மெயினருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. இவள் முண்டியடித்து உள்ளே போனாள், தலையைக் காட்டினாள், நன்றாக நில்லேன் ஏட்டி என்று நான் கத்துகிறேன், அதற்குள் வெளியே வந்துவிட்டாள். ஈரத் தலையோடு வண்டியில் ஏறி வேகமாகப் போகச் சொன்னாள். வழியெல்லாம் வேகமாக, வேகமாக என்று என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்கு முன்னால் குதித்து, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

தவமலர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கிறன்,” என்றாள்.